அடுப்பு மேடையில் இருந்த சளி: நீலகிரியிலிருந்து கல்ச்சருக்கு அனுப்ப எந்த வழி நல்லது?

ஜனவரி மாதத்தில் ஒரு காலை. எமரால்டு பக்கத்துப் புல்வெளியெல்லாம் வெள்ளையாக உறைபனி. லயன் வீட்டிலிருந்து வந்த ஒரு அக்கா, காசநோய்ச் சோதனைக்காகச் சளி எடுத்த ஃபால்கன் டியூபை, அதாவது திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் குழாயை, மப்ளரில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் அணைத்துப் பிடித்தபடி எங்கள் லேப் ஜன்னலில் வந்து நின்றார். கையில் வாங்கினால் டியூப் வெதுவெதுப்பாக இருந்தது. "நேத்து விடியக்காலமே எடுத்துட்டேன் தம்பி. பஸ்ஸ விட்டுட்டேன். ராத்திரி குளிருல உறைஞ்சு போயிடக் கூடாதேன்னு அடுப்பு மேடையிலயே வெச்சிருந்தேன்" என்றார்.

அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் உள்ளே சளி நீர்த்துப் போய், மேலே நுரை கட்டியிருந்தது. அன்றே அதைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் அவ்வளவு தூரம் அலையவிடுவதா என்று வாங்கி அனுப்பிவிட்டோம். மலைக்குக் கீழே, சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் லேபிலிருந்து வந்த பதில்: மாசுபட்டது, வேறு மாதிரி அனுப்பவும். அடுப்புச் சூட்டில் வாய்க் கிருமிகள் ஒரு ராத்திரி முழுக்கப் பெருகியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே காசநோய்க் கிருமி இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று.

அந்த அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். டியூபைக் கையில் கொடுத்து "காலையில் எடுத்துட்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. காலைச் சளியா, வந்த இடத்திலேயே எடுப்பதா? டப்பாவா, டியூபா? ஐஸா, மருந்து கலந்து அனுப்புவதா? கழுத்துக் கட்டி என்றால் ஊசியா, ஆபரேஷனா? பேசாமல் கோயம்புத்தூருக்கே போய்விடலாமா? இந்தக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் இருக்கும் பதில் சமவெளிக்கு எழுதியது. மலையில் சில இடங்களில் அது அப்படியே பொருந்தும், சில இடங்களில் தலைகீழாகிவிடும்.

சிபிநாட் இருக்கும்போது கல்ச்சர் எதற்கு?

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. ட்ரூநாட், சிபிநாட் போன்ற மூலக்கூறு சோதனைகள் சில மணி நேரத்தில் காசநோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்று சொல்லிவிடும். முதல் சோதனையாக அதைத்தான் செய்ய வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியருக்கு ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். கல்ச்சருக்கு 10 முதல் 100 இருந்தாலே போதும். ஆனால் ஒரு நிபந்தனை: அவை உயிரோடு இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனைதான் கல்ச்சரின் பலம். மூலக்கூறு சோதனை பார்ப்பது கிருமியின் மரபணுவை. செத்த கிருமியின் மரபணுவும் அதில் தெரியும். அதனால் சிகிச்சை நடக்கும்போது மருந்து வேலை செய்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களிடம் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி சளி கேட்பது இதனால்தான். எந்தெந்த மருந்து கேட்கும் என்று முழுமையாகப் பார்க்கவும், வந்திருப்பது காசநோய்க் கிருமியா அல்லது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு மைக்கோபாக்டீரியாவா என்று பிரித்தறியவும் கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வளர்ப்பதற்கு நாள் பிடிக்கும். நம் குடலில் இருக்கும் சாதாரண ஈ-கோலி பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் திரவ ஊடகத்தில், அதாவது கிருமி வளரச் சத்துக் கரைசல் வைத்த எம்ஜிஐடி குழாயில், 42 நாள் வரை காத்திருந்துதான் 'வளரவில்லை' என்று எழுதுவார்கள். முட்டை கலந்து செய்யும் எல்ஜே திட ஊடகத்தில் 8 வாரம். சளியில் வேறு கிருமி ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தாலும் இந்தப் பந்தயத்தில் அதுதான் முந்தும். அதைக் கொல்ல லேபில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பார்கள். அந்தக் காரம் காசநோய்க் கிருமியிலும் ஒரு பங்கைக் கொன்றுவிடும். மாதிரி எவ்வளவு கெட்டுப்போய் வருகிறதோ, அவ்வளவு இழப்பு.

ஆக, நாம் செய்ய வேண்டியது இரண்டுதான். காசநோய்க் கிருமியைச் சாகவிடக் கூடாது, மற்ற கிருமிகளைப் பெருகவிடக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போடுகிறேன்.

காலைச் சளியா, வந்த இடத்திலேயே எடுப்பதா?

காலைச் சளிதான் உயர்ந்தது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ராத்திரி முழுக்க நுரையீரலில் சேர்ந்தது, எழுந்தவுடன் திரண்டு வரும். கிருமி அதிகம் இருக்கும். ஆனால் அது எங்கே எடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் கழித்து ஐஸ் பெட்டிக்குள் போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மஞ்சூருக்கு அப்பால் கீழ்குந்தா பக்கமிருந்து வருகிறவர் காலை 5 மணிக்குச் சளி எடுத்தால், பஸ் பிடித்து நம்மிடம் வந்து சேர மதியம் ஆகலாம். உதகை, குந்தா உயரத்தில் மார்கழி, தை மாதங்களில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. வீட்டின் மூலையே குளிர்பெட்டி மாதிரி இருக்கும். அதே கணக்கைக் கூடலூரிலோ மசினகுடியிலோ போட முடியாது. அங்கே உயரம் குறைவு, வெயில் நேரத்தில் நன்றாகவே சூடு ஏறும். ஏப்ரல் மாதத்தில் ஐந்து மணி நேரம் பைக்குள் இருந்த காலைச் சளியைவிட, ஆஸ்பத்திரி வாசலில் நம் கண்ணெதிரே இருமி எடுத்து, பத்து நிமிடத்தில் ஐஸ் பெட்டிக்குள் போகும் சளி எவ்வளவோ மேல்.

என் தேர்வு இது. வீட்டிலிருந்து ஐஸ் பெட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்றால் காலைச் சளி. அதற்கு மேல் ஆகும், வழியில் சூடும் இருக்கும் என்றால் வந்த இடத்திலேயே எடுக்கலாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தர வேண்டும். இரண்டு மாதிரி கேட்டிருந்தால் வந்த அன்று ஒன்று, மறுநாள் காலை ஒன்று. மறுநாள் டியூபைக் கிராம சுகாதார செவிலியரோ ஆஷா பணியாளரோ வீட்டுக்குப் போய் வாங்கி வர ஏற்பாடு செய்துவிட்டால் எல்லாவற்றையும்விட நல்லது. நாள் முழுக்க வரும் சளியை ஒரே டப்பாவில் சேர்த்துக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. நிறைய இருந்தால் நல்லது என்ற நினைப்பு. அதை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டாம். காலையில் துப்பியது சாயங்காலத்துக்குள் மற்ற கிருமிகளின் விளைநிலமாகிவிடும்.

எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இதில்தான் பாதி மாதிரிகள் வீணாகின்றன.

எழுந்தவுடன், டீ குடிப்பதற்கு முன், வாயைக் கொதித்து ஆறிய தண்ணீரால் இரண்டு மூன்று முறை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் முந்தைய இரவே நிறுத்திவிடுவது நல்லது. பாக்குத் துணுக்கு விழுந்த சிவந்த சளியைப் பார்த்து ரத்தமோ என்று பயந்த நாளும் உண்டு. கிருமிநாசினி மவுத்வாஷ் வேண்டாம், அது காசநோய்க் கிருமியையும் தொடும். தண்ணீர் ஏன் கொதித்தது என்கிறேன் என்றால், ஊற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாக்கள் இயல்பாகவே இருக்கும். நம் மலையில் பல ஊர்களுக்கு ஓடைத் தண்ணீர்தான் நேராகக் குழாயில் வருகிறது. அது டியூபுக்குள் விழுந்தால் ஆறு வாரம் கழித்து ஒரு கிருமி வளர்ந்து நிற்கும், அது நோயாளியின் நெஞ்சிலிருந்து வந்ததா, ஓடையிலிருந்து வந்ததா என்று தெரியாமல் டாக்டர் தவிப்பார். உதகை உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

அப்புறம் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, சில நொடி நிறுத்தி, வெளியே விட வேண்டும். இரண்டு முறை இப்படிச் செய்துவிட்டு மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து இருமினால் நெஞ்சுச் சளி மேலே வரும். அதைத் தரையில் துப்பாமல் நேராக டியூபுக்குள் விட வேண்டும். வேண்டியது 3 முதல் 5 மில்லிலிட்டர், ஒரு டீஸ்பூன் அளவு. கெட்டியாக, கொழகொழவென்று, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது சளி. தண்ணீர் மாதிரித் தெளிவாக, நுரையோடு இருந்தால் எச்சில். எச்சிலை அனுப்பி ஆறு வாரம் காத்திருப்பதைவிட, இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து இருமிப் பார்ப்பது மேல்.

திறந்தவெளியில், ஆள் இல்லாத இடத்தில், காற்று வீசும் திசையில் யாரும் நிற்காமல் எடுங்கள் என்பது எல்லா ஊருக்கும் சொல்லும் விதி. சரியான விதிதான். ஆனால் இங்கே விடியற்காலை 5 மணிக்குத் தேயிலைக் காட்டோரம் தனியாகப் போய் நில்லுங்கள் என்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது. காட்டெருமை நிற்கும், கூடலூர், பந்தலூர் பக்கம் யானையே நிற்கும். வெளிச்சம் வந்த பிறகு வாசல் திண்ணையில் எடுக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் அறையில் மற்றவர்களை வெளியே அனுப்பி, ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு எடுக்கட்டும். குளிருக்கு அடைத்து வைத்த அறைக்குள்ளும், கழிப்பறைக்குள்ளும் மட்டும் வேண்டாம்.

எடுத்த டியூபை வீட்டில் வைத்திருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கும் விதி உண்டு. அடுப்புப் பக்கம் கூடாது. வெயில் விழும் ஜன்னல் விளிம்பும் கூடாது, சூரிய ஒளியே காசநோய்க் கிருமியைக் கொல்லும். உறைபனி விழும் நாளில் வெளியே முற்றத்திலும் கூடாது, உறைந்து இளகினால் கிருமி சேதமாகும். வீட்டுக்குள், இருட்டான குளிர்ந்த மூலை. சாப்பாடு வைக்கும் ஃபிரிட்ஜ் வேண்டாம்.

வாய் அகன்ற டப்பாவா, ஃபால்கன் டியூபா?

வயதானவர்களுக்கு வாய் அகன்ற டப்பா வசதி, ஒத்துக்கொள்கிறேன். கை நடுங்கினாலும் உள்ளே விழும். ஸ்மியருக்கு அது போதும். கல்ச்சருக்கு என்றால் நான் 50 மில்லிலிட்டர் ஃபால்கன் டியூபைத் தவிர வேறு எதையும் வாங்குவதில்லை.

முதல் காரணம், கிருமியை அடியில் திரட்டும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் அதை அப்படியே வைத்துச் சுழற்றலாம். டப்பாவில் வந்தால் லேபில் திறந்து இன்னொரு குழாய்க்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் கிருமி காற்றில் பறக்கும், மாதிரியிலும் கொஞ்சம் போகும். இரண்டாவது காரணம் நம் ரோடு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவுகள். அழுத்தி மூடும் மூடி அந்தக் குலுக்கலைத் தாங்காது, திருகு மூடிதான் தாங்கும். உதகையில் காலி வாட்டர் பாட்டிலை இறுக்கி மூடி பஸ்ஸில் வைத்துப் பாருங்கள், மேட்டுப்பாளையம் வரும்போது யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். சுமார் 2,240 மீட்டரிலிருந்து 300 சொச்சம் மீட்டருக்கு இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் வருவது அது. மெல்லிய டப்பாவும் அப்படித்தான் ஒடுங்கி, மூடியோடு விளிம்பு சேரும் இடம் நெளிந்து கசியும். ஃபால்கன் டியூப் கெட்டி, அசையாது.

ஒரே தொல்லை, அதன் அடி கூம்பாக இருக்கும், தானாக நிற்காது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது ஒரு டம்ளரைக் காட்டி, இதற்குள் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். அந்த டம்ளரை அதன் பிறகு சாப்பாட்டுக்குப் புழங்க வேண்டாம் என்றும்.

பெயரை மூடியில் எழுதாமல் டியூபின் உடம்பில் எழுதுங்கள். லேபில் பத்து டியூபை ஒரே நேரத்தில் திறப்பார்கள், மூடி மாறினால் ஆளே மாறிப்போகும்.

ஐஸ் பெட்டியா, சிபிசி மருந்தா?

கட்டுரையில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். சமவெளியில் சரியான முடிவு மலையில் தப்பாகிப் போவது இங்கேதான்.

மாதிரி லேபுக்குப் போகும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருப்பது ஒரு வழி. குளிரில் மற்ற கிருமிகள் பெருகாது, காசநோய்க் கிருமி சாகாமல் தாக்குப்பிடிக்கும். இப்படி 72 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். இன்னொரு வழி, செட்டில்பைரிடினியம் குளோரைடு என்ற மருந்தை, சுருக்கமாகச் சிபிசி, உப்போடு கரைத்து, சளிக்குச் சம அளவு சேர்த்து அனுப்புவது. அது மற்ற கிருமிகளைக் கொன்றுகொண்டே வரும், காசநோய்க் கிருமி பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஐஸ் வேண்டாம், அறை வெப்பத்திலேயே 7 நாள் வரை தாங்கும். படித்தவுடன் மலைக்கென்றே செய்த மருந்து மாதிரித் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு இடத்தில் அது இடறும். சிபிசி சேர்த்த மாதிரி எம்ஜிஐடி திரவ ஊடகத்துக்கு ஒத்துவராது. மிச்சமிருக்கும் மருந்து குழாய்க்குள்ளும் போய்க் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியையே அமுக்கிவிடும். எல்ஜே ஊடகத்தில் முட்டை இருப்பதால், அதிலுள்ள கொழுப்புப் பொருள் மருந்தை அடக்கிவிடும், அங்கே பிரச்சினை இல்லை. ஆகவே கீழே எந்த ஊடகத்தில் வளர்க்கப் போகிறார்கள் என்று கேட்காமல் சிபிசியைத் தொடக் கூடாது. திரவ ஊடகம் சில வாரங்களை மிச்சப்படுத்தும், கிருமியையும் கூடுதலாகப் பிடிக்கும். அதை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது இடறல் நம் குளிர். சிபிசி குளிர்ந்தால் படிகமாகிக் கீழே இறங்கிவிடும், அதற்குப் பிறகு அது வேலை செய்யாது. அதனால்தான் சிபிசி மாதிரியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று எழுதியிருப்பார்கள். 'அறை வெப்பத்தில் வைக்கவும்' என்று எழுதியவர் மனதில் இருந்த அறை உதகை அறை இல்லை. ஜனவரியில் இங்கே ஹீட்டர் இல்லாத அறை ராத்திரி நேரத்தில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போய்விடும். கரைசல் பாட்டிலின் அடியில் வெள்ளையாகச் சர்க்கரை மாதிரி படிந்திருப்பதைக் காலையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் மேலே இருக்கும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். ஐஸும் வைத்துச் சிபிசியும் போட்டு, இரட்டைப் பாதுகாப்பு என்று அனுப்புவது இன்னும் மோசம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

அதனால் என் முடிவு: உதகை, குந்தா, கோத்தகிரி, குன்னூர் எல்லாவற்றுக்கும் ஐஸ் பெட்டி. கூடலூர், பந்தலூர் பக்கம் உயரம் குறைவு, சிபிசி படியும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அங்கிருந்து மாதிரி உதகை ஏறித்தான் கீழே இறங்கப் போகிறது என்றால் அங்கும் ஐஸ்தான். கீழே எல்ஜேயில் வளர்க்கும் லேப், மூன்று நாளுக்கு மேல் வண்டி வராது, அறையும் வெதுவெதுப்பாக இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டுமே சிபிசி.

ஐஸ் பெட்டியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபிரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை டியூபோடு ஒட்டி வைத்தால், மலைமேல் இருக்கும் குளிரில் சளி உறைந்தே போகலாம். நடுவில் நியூஸ்பேப்பரை மடித்து வையுங்கள். பெட்டியை இங்கே தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறது, ஒரு பேக் போதும் என்று முடிவு செய்யவும் வேண்டாம். உதகையில் எந்தப் பெட்டியும் ஜில்லென்றுதான் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் ஏப்ரல் மாத மதியம் திறந்தாலும் குளிர் மிச்சமிருக்க வேண்டும், அதை நினைத்துத்தான் பேக் எண்ணிக்கையைப் போட வேண்டும்.

பெட்டிக்குள் மூன்று அடுக்கு. டியூப், அதன் வெளிப்புறத்தைத் துடைத்து, மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் என்ற இழுத்து ஒட்டும் மெழுகுத் தாள். கசிந்தால் உறிஞ்சிக்கொள்ளப் பஞ்சு சுற்றி ஜிப் கவருக்குள். அதற்கு வெளியே கெட்டியான பெட்டி. விவரப் படிவம் ஜிப் கவருக்கு வெளியே, தனி உறையில். டியூபைச் சுற்றிப் படிவத்தை ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கசிந்தால் படிவமும் போயிற்று, பிரிக்கிறவருக்கும் ஆபத்து.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து குன்னூர் ரோடு அடைபட்டால் கோத்தகிரி வழி இருக்கிறது. இரண்டும் அடைபட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். அப்போது மாதிரியை லேப் ஃபிரிட்ஜில் வையுங்கள், தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். ரோடு திறக்க நாளாகும் என்று தெரிந்தால், புதிதாகச் சளி எடுப்பதையே தள்ளிப்போடுவது நல்லது. நோயாளி அங்கேயேதான் இருக்கப் போகிறார், சளியும் இன்னொரு நாள் வரும். அதேபோல் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எடுத்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூடிய லேப் வாசலில் கிடப்பதைவிட, திங்கள் காலை எடுக்கலாம். சிகிச்சை தொடங்க அவசரம் என்று டாக்டர் சொன்னால் மட்டும் இது மாறும். முதல் மாதிரியை மருந்து தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். சளிக்கென்று கடையில் வாங்கிப் போட்ட சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரையே காசநோய்க் கிருமியைப் பாதி அமுக்கிவிடும். அதனால் சமீபத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் படிவத்தில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே காசநோய் மருந்தில் இருப்பவர் சளி கொடுப்பதற்காக மருந்தை நிறுத்தவே கூடாது.

கழுத்துக் கட்டிக்கு ஊசியா, பஞ்சா, ஆபரேஷனா?

என் சித்திக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. பிறகு காசநோய் போலத் தெரிகிறது, கல்ச்சர் பார்க்க வேண்டும் என்றபோதுதான் தெரிந்தது, எடுத்த கட்டி முழுவதும் ஃபார்மலினில் கிடக்கிறது. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும், ஆனால் அதிலுள்ள கிருமி அத்தனையையும் கொன்றுவிடும். வளர்க்க ஒன்றும் மிச்சமில்லை. எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமலே சித்தி பல மாதம் மாத்திரை சாப்பிட்டார்கள்.

ஆகவே, ஆபரேஷன் என்றால் தியேட்டருக்குப் போவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: "கல்ச்சருக்கும் ஒரு துண்டு தனியாக எடுத்து வைப்பீங்களா சார்?" இரண்டு பாட்டில் வேண்டும். பயாப்சி பார்க்க ஃபார்மலினில் ஒன்று, கல்ச்சருக்குக் கிருமி நீக்கிய சலைன் கொஞ்சம் விட்டு ஒன்று. இப்படிக் கேட்பதை எந்த டாக்டரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கட்டி பழுத்துச் சீழ் இருக்கிறது என்றால் ஆபரேஷன் வரை போகாமல் ஊசியால் உறிஞ்சியே எடுக்கலாம். எளிது, உடனே முடியும், கல்ச்சருக்கும் நல்லது. உறிஞ்சியதைத் திருகு மூடி டியூபுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஊசியோடு சிரிஞ்சை அனுப்பக் கூடாது. பஞ்சு சுற்றிய ஸ்வாப் குச்சியால் தொட்டு எடுப்பதை நான் கடைசி வழியாகக்கூட விரும்புவதில்லை. இந்தக் கிருமியின் மேல்தோல் மெழுகு போன்றது, பஞ்சு இழையில் ஒட்டிக்கொண்டு ஊடகத்துக்கு இறங்காது. ஸ்வாபில் 'வளரவில்லை' என்று வந்தால் அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

சிறுநீர் என்றால் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீர் முழுவதும், தொடர்ந்து மூன்று நாள், ஒவ்வொரு நாளும் தனித்தனி பாட்டிலில். 24 மணி நேரம் சேர்த்தது வேண்டாம்.

குழந்தைக்கு

சின்னக் குழந்தை சளியைத் துப்பாது, விழுங்கிவிடும். அதனால் விடியற்காலை, வெறும் வயிற்றில், எழுந்து நடமாடுவதற்கு முன், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்று நீரை எடுப்பது பழைய வழி. முந்தின இரவே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், வழக்கமாக மூன்று காலை எடுப்பார்கள். வயிற்று அமிலம் கிருமியைக் கொல்லும் என்பதால், நான்கு மணி நேரத்துக்குள் லேபில் கையாள முடியாவிட்டால் சோடியம் பைகார்பனேட் சேர்த்து அமிலத்தை முறிக்க வேண்டும். மலையிலிருந்து அனுப்பும் எல்லா வயிற்று நீருக்கும் இது கட்டாயம், ஏனென்றால் நான்கு மணி நேரத்தில் அது லேப் மேஜைக்குப் போகவே போகாது.

இன்னொரு வழி, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்துவிட்டு, 3 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசரில் மூச்சோடு இழுக்க வைத்துச் சளியை வரவழைப்பது. ஒரே வருகையில் முடியும். அமில வம்பு இல்லை. ஆனால் குழந்தை இருமும்போது அந்த அறையில் கிருமி பறக்கும். காற்றோட்டமான தனி அறையும் என்95 மாஸ்க்கும் இல்லாத இடத்தில் செய்யக் கூடாது. இந்த வசதி இருந்தால் இதையே தேர்ந்தெடுப்பேன். மூன்று இரவு ஆஸ்பத்திரியில் தங்கினால் தோட்டத்தில் அம்மாவுக்கு மூன்று நாள் கூலி போகும், வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆளிருக்காது. இரண்டாம் நாளே கிளம்பிவிடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மலத்தை வைத்துச் சிபிநாட் பார்க்கலாம், குழந்தைக்கு வலியே இல்லை. கல்ச்சருக்கு மலம் வேண்டாம், அதில் வேறு கிருமிதான் முழுக்க.

நாமே கோயம்புத்தூர் போய்விட்டால்?

டியூப் வழியில் கெட்டுவிடும் என்றால் ஆளே போய்விடலாமே என்று வசதி உள்ளவர்கள் கேட்பார்கள். மூச்சுக்குழாயில் கேமரா விட்டு எடுக்கும் பிராங்கோஸ்கோபி தேவை என்று டாக்டர் சொன்னால் போகத்தான் வேண்டும். இருமினால் சளி வருகிறவர் போக வேண்டியதில்லை. அரசுத் திட்டத்தில் சோதனையும் மாதிரியை அனுப்புவதும் இலவசம். குளிருக்கு ஷட்டரை இறக்கிவிட்ட பஸ்ஸில், மூன்று நான்கு மணி நேரம் இருமிக்கொண்டே மலை இறங்குவது அவருக்கும் கஷ்டம், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. அங்கே போய்ச் சேரும்போது காலைச் சளி நேரமும் போயிருக்கும். சரியாக மூடி, சரியான குளிரில் வைத்த டியூப் அவரைவிடச் சுகமாகப் பயணம் செய்யும்.

அந்த எமரால்டு அக்காவிடம் இரண்டாவது டியூபைக் கொடுக்கும்போது நான் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசினேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்று வேண்டும், அடுப்புக்கு எதிர் மூலையில் வையுங்கள், வெற்றிலை முந்தின நாள் சாயங்காலத்தோடு சரி, வெளியே போகாமல் திண்ணையிலேயே எடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். திங்கட்கிழமை காலை செவிலியர் வீட்டுக்கே போய் வாங்கி வந்தார். டியூப் கைக்கு ஜில்லென்று இருந்தது. உள்ளே மஞ்சளாக, கெட்டியாக, 5 மில்லிலிட்டர் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது சளி. நியூஸ்பேப்பரில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன், அன்று மதியமே மலை இறங்கியது. இந்த முறை 'மாசுபட்டது' என்று வரவில்லை. மூன்றாவது வாரத்தில் கிருமி வளர்ந்ததாகவும், எந்த மருந்துகள் கேட்கும் என்றும் எழுதி அறிக்கை வந்தது. டாக்டர் அன்றே மாத்திரையை மாற்றி எழுதினார்.